ஆறு துண்டுப் பலகை

உப்புவெளியில், வேலிக்கு அப்பால் கடல் நிற்கிற விருந்தகம்.
பலகைத் தளம் அடித்து மிஞ்சியவை ஆறு முதிரைத் துண்டு.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஆணியால் எண் கீறினேன்.
ஒன்றுக்கு வார்னிஷ். இரண்டுக்கு ஆளிவிதை எண்ணெய்.
மூன்றுக்குப் படகுக்காரர் பூசும் சுறாநெய்:
மச்சாள் சுகிர்தா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.
நான்கு, கிண்ணியா நஸ்மி தன் கடையில்
"ஐஞ்சு வருசம் அசையாது மிஸ்" என்று
மூடியைத் தட்டித் தட்டித் தந்த மண்ணிற எண்ணெய்.
ஐந்து, தண்ணீர்போலவே இருந்த ஏதோ சிலிக்கோன்.
ஆறுக்கு ஒன்றுமில்லை.
ஒன்றும் பூசாததையும் சோதிக்கத்தானே வேண்டும்.

தோஹாவிலிருந்து தம்பி:
"அக்கா, மினுங்கிறதைப் போடு.
படத்தைப் பாத்துத்தான் ஆக்கள் வருவினம்."
காசு அவனுடையது.
கடல் என்னுடையது.

ஆனி முழுக்கக் கச்சான்.
றோட்டுப் புழுதியை அள்ளி ஈர எண்ணெயில் அப்பியது;
இரண்டாம் துண்டு அரத்தாளாய்ப் போயிற்று.
விடிய நாலரைக்கு, காற்று எழும்புமுன்,
தலைவிளக்குக் கட்டிக்கொண்டு மறுபடி பூசினேன்.
கரையில் நின்றவர் கேட்டார், "என்ன பிள்ளை, வள்ளமோ?"
"இல்லை, தரை."
"தரைக்கேன் எண்ணெய்" என்றபடி எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

பொழுதுபட ஒரு தேக்கரண்டித் தண்ணீர் ஒவ்வொன்றிலும்.
முதல் கிழமை எல்லாமே முத்து முத்தாய் உருட்டிக் காட்டின,
ஆறைத் தவிர.
உருட்டுவது பெரிய வித்தையில்லை.
சேம்பிலையும் செய்கிறது.

ஐப்பசிக் கடைசியில் மாரி வந்தது,
மேலேயிருந்து அல்ல, கிழக்கேயிருந்து, கிடையாக.
கார்த்திகையில் வார்னிஷ் சட்டை கழற்றியது;
அதற்குக் கீழே போன மழை
வெளியே வர வழி தெரியாமல் வெள்ளையாய் நின்றது.
ஆளிவிதைக்குக் கரும்பூஞ்சணம், கன்னத்தில் மங்கு விழுந்தாற்போல.
சுறாநெய்யைப் பூனை நக்கியே தீர்த்தது.
ஐந்து எந்த நாளில் கைவிட்டதென்று தெரியாது,
சொல்லாமல் கொள்ளாமல்.
ஆறு நரைத்தது. நூலளவு வெடித்தது. அவ்வளவுதான்.

நான்கு வெளிறியது. உரியவில்லை.
துடைத்துக் காயவிட்டு அதே எண்ணெயைத் தேய்த்தபோது
புதிதும் பழையதும் சேர்ந்த இடம் தெரியவில்லை.

சந்தோசத்தில் அதைத் திருப்பிப் பார்த்தேன்.
வாள் அறுத்த இரு முனையிலும்
விரற்கடை நீளம் ஈரம் ஏறியிருந்தது, கறுப்பாய்.
நான் பூசியதெல்லாம் முகத்துக்கு.
மரம் குடித்தது வாயால்.

நஸ்மியிடம் போனேன். "ஐஞ்சு வருசம் எண்டீங்கள்?"
"அது கண்டிக்கு மிஸ்" என்றார்,
அடுத்த தகரத்தை எடுத்து வைத்துக்கொண்டே.

வாங்கினேன்.
தோற்காத ஒன்றைத் தேடுவதை மாரியோடு விட்டுவிட்டேன்.
எது எப்படித் தோற்கும் என்பதுதான் கணக்கு:
உரிந்ததைச் சுரண்ட மூன்று நாள், இரண்டு ஆள் கூலி.
வெளிறியதற்கு வருசத்தில் ஒரு விடியற்காலை,
என் முழங்கால் சம்மதிக்கும் வரைக்கும்.

பங்குனியில் எண்பத்துநாலு பலகையும் கழற்றினோம்.
உப்பைக் கழுவ வேண்டும்; எங்கள் கிணறோ அரை உவர்.
பவுசர் தண்ணீர் பிடித்துக் கழுவி, பத்து நாள் நிழலில் நிறுத்தி,
முனைகளுக்கு மூன்று தரம், அடிக்கு இரண்டு தரம்,
மேலுக்கு ஒரே தரம், மெல்லிசாய்.
சுகிர்தா டோர்ச் பிடித்தாள். இடையில் ஒரு தரம்
தூரிகையை என் கையிலிருந்து பறித்து
நான் விட்ட முனையொன்றைத் தானே பூசினாள்.

படம் போனது. பதில் வந்தது:
"ஏன் அக்கா மினுங்கேல்லை?"
முனைகள் படத்தில் தெரியாது. ஒரு கை கூப்பி அனுப்பினேன்.

ஆறாம் துண்டில் மச்சாள் மீன் வெட்டுகிறாள்.
மூன்றாவதைப் பூனை
இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.